பதினோரு பேர் இழுத்த வலை

2024 நவம்பர் 19, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை, கார்த்திகை மாதம், போதாக்குறைக்கு மழை. மீன் விற்கிறவளுக்கு இதைவிடப் பொல்லாத நாள் உண்டா? ஊரில் பாதி ஆம்பளைகள் மாலை போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதிக்குச் செவ்வாய் என்றால் கவிச்சி ஆகாது. ராஜபாளையம் ரோட்டில் மத்தியானம் வரை உட்கார்ந்து ஒன்றரைக் கிலோ சாளை விற்றேன். மிச்சத்தை ஐஸுக்குள் புதைத்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வேலாண்டிக்குளம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. இந்த வருஷம் அந்தக் குளத்து மீன் குத்தகை எங்களுக்கு. மீன் விற்கிற பதினோரு பொம்பளைகளுக்கு!

இருபது வருஷம் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். குத்தகை கணேசன் கையில் இருந்தது. வலை இறங்குகிற அன்று விடிவதற்கு முன்னாலேயே கூடையோடு போய் நிற்போம். கரையை விட்டு இறங்கக்கூடாது. வலை தண்ணீரில் கிடக்கும்போது பொம்பளை கால் தண்ணீரில் படக்கூடாது, பட்டால் மீன் விழாது. அது வலைக்காரர்கள் வைத்த சட்டம். மீன் கரைக்கு வந்ததும் லாரி வியாபாரி நல்லதையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் அடைப்பார். நசுங்கினது, குட்டை, செவுள் வெளுத்தது எல்லாம் எங்கள் கூடைக்கு. அதையும் கெஞ்சி வாங்கவேண்டும். பிறகு தெருத்தெருவாகச் சுமந்துபோய் 'நல்ல மீனு, நல்ல மீனு' என்று சத்தியம் பண்ண வேண்டும். மீனைக் கெடுத்தது ஒருத்தன், பேச்சு வாங்குகிறது நாங்கள்.

பாசன சங்கத்தில் ஒரு வருஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். "ஜூன் வரைக்கும் பாப்போம். வளத்து, புடிச்சுக் காட்டிட்டியன்னா அடுத்தாப்லயும் உங்களுக்குத்தான். இல்லன்னா பழையபடி கணேசனுக்கே" என்று தலைவர் சொன்னார்.

இந்த நோட்டு என் வீட்டுக்காரர் இசக்கிராஜா வாங்கிக் கொடுத்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சாது. "ஏசணும்னா இதுல ஏசு, பூமாரி. ஆளுகள ஏசாத" என்றார். பார்ப்போம், எத்தனை நாளைக்கு நோட்டு தாங்குகிறது என்று.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. வியாபாரம் சுமார். மீன்குஞ்சு அடுத்த வாரம் வருகிறதாம். தூக்கம் பிடிக்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

இன்றைக்குக் குஞ்சு விட்டோம்.

காலை ஒன்பது மணிக்கே வண்டி வந்துவிட்டது. தண்ணீரும் காற்றும் அடைத்த பாலிதீன் பைகள், பைக்கு ஐந்நூறு குஞ்சு. விரல் நீளம் இருக்கும். கட்லா, ரோகு, மிர்கால். இதற்கு முன்னால் உயிரோடு இத்தனை மீனை நான் பார்த்ததே இல்லை. ஏசுவடியாள் அக்கா பையைத் தொட்டுத் தொட்டு ஜெபம் பண்ணினாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் எல்லாருக்கும் மூத்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக மீன் வெட்டிக் கொடுக்கிறாள்.

சங்கத் தலைவர் வந்துதான் முதல் பையை அவிழ்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. முத்துமணிதான் முதலில் பதறினாள். எங்களில் சின்னவள் அவள். "யக்கா, வெயில் ஏறுது. குஞ்சு கெட்டுப் போயிரும்!" என்றாள்.

கெட்டுப் போய்விடும் என்றதும் என் கை தானாக ஓடியது. என் வண்டியில் இரண்டு பெட்டி ஐஸ் இருந்தது. உடைத்து, அள்ளி, எல்லாப் பையின் மேலும் கொட்டி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினோம். பதினோரு பேரும் சேர்ந்து சாளைக்குச் செய்கிற மாதிரியே பதமாகச் செய்தோம். பை ஜில்லென்று ஆனதும் மனசும் குளிர்ந்தது.

தலைவர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். போட்டோ எடுத்தார்கள். பையை அவிழ்த்துக் கொட்டினோம். குஞ்சுகள் தூங்குகிற மாதிரி மெள்ள இறங்கின.

டிசம்பர் 6, வெள்ளி

எல்லாம் மிதக்கிறது. கரை முழுக்க வெள்ளையாக. எழுத முடியல.

டிசம்பர் 8, ஞாயிறு

மீன்வளத்துறையில் வேலை பார்க்கிற ஜாய்லின் வந்து பார்த்தது. சின்னப் பிள்ளை, படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு வேறு ஊரில் வேலையாம், இல்லாவிட்டால் கூட இருந்திருப்பேன் என்றது. நடந்ததைக் கேட்டது. நான் ஐஸ் கதையைச் சொன்னேன்.

"ஐஸா வச்சீங்க அக்கா?"

"ஆமா மேடம். கெட்டுப்போகக் கூடாதுல்லா?"

"அது உயிரோட இருக்கு அக்கா" என்றது.

அவ்வளவுதான் சொன்னது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பையைப் பிரிக்காமலே குளத்துத் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு வாயைத் திறந்து, குஞ்சு தானாக நீந்திப் போகும்படி விடவேண்டுமாம். நாங்கள் ஐஸுக்குள் கிடந்ததை எடுத்து உச்சிவெயில் தண்ணீரில் கொட்டியிருக்கிறோம்.

இருபது வருஷமாக மீனோடு கிடக்கிறேன். செவுளைப் பார்த்தே என்றைக்குப் பிடித்தது என்று சொல்வேன். எல்லாம் செத்த மீன்! உயிரோடு இருக்கிற மீனைப் பற்றி எனக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்? என் கையாலேயே கொன்றுவிட்டேன். ஐஸ் வை என்று சொன்னது நான்தான். வேறு யாரையும் குறை சொல்லமாட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் ஒருத்தன், "ஏ ஐஸ் பூமாரி, கோழிக்குஞ்சுக்கும் ஐஸ் வைப்பியா?" என்று கேட்டான். பதிலுக்கு நான் கேட்டதை இங்கே எழுத முடியாது.

டிசம்பர் 14, சனி

குழுவைக் கூட்டினேன். விட்டுவிடலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். முத்துமணி அழுதாள். அவள் மாமியார் இதைச் சொல்லிச் சொல்லியே சோற்றைப் போடுகிறாளாம்.

ஏசுவடியாள் அக்கா எழுந்தாள். "ஏட்டி, மொத நாளு மீன் வெட்டும்போது என் வெரலத்தான் மொதல்ல வெட்டுனேன். அதுக்காவ அருவாமணையத் தூக்கிப் போட்டுட்டா வந்தேன்? இன்னொரு தடவ குஞ்சு வாங்குவோம். இந்த தடவ இவ ஐஸ் பெட்டிய வீட்ல வச்சுப் பூட்டிட்டு வரட்டும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். எட்டு நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

இரண்டாம் தடவை குஞ்சு விட்டோம். தலைவரைக் கூப்பிடவில்லை. போட்டோவும் இல்லை. காலை ஆறரைக்கு வண்டி வந்தது. பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுவிட்டுப் பதினோரு பேரும் இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் பேசாமல் நின்றோம். நான் பேசாமல் அரைமணி நேரம் நின்றது என் கல்யாணத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

ஜாய்லின் கையைப் பைக்குள் விட்டுப் பார்த்து, "இப்ப விடுங்க" என்றது. வாயைப் பிரித்துச் சாய்த்துப் பிடித்தோம். ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி சரசரவென்று எல்லாம் ஓட்டம். ஒன்றுகூட நின்று திரும்பிப் பார்க்கவில்லை. கழுதைகள்!

டிசம்பர் 20, வெள்ளி

காலை ஐந்தரைக்கே போனேன். கரை சுத்தமாக இருக்கிறது. ஒன்றுகூட மிதக்கவில்லை. சுற்றி நடந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டில் பொங்கலை இறக்கிவிட்டுப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். நல்லநாளும் பொழுதுமாக அவற்றைப் பட்டினி போடலாமா? வீட்டுக்காரர், "எனக்கு எலையப் போட்டுட்டாவது போ" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஜாய்லின் வீச்சுவலை போட்டுப் பார்த்தது. கட்லா என் உள்ளங்கையைத் தாண்டி விட்டது. அந்தப் பிள்ளை அளவெடுத்து எழுதிக்கொண்டது. எனக்கு அளவு தேவையில்லை. வாலைப் பிடித்தபோது அது என் கையை உதறிய உதறலே போதும்.

மார்ச் 24, திங்கள்

இன்றைக்கு என் வாயால் கெட்டேன். ஆற அமர எழுதவேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

தண்ணீர் வேகமாக இறங்குகிறது. ஏப்ரல் முடிவதற்குள் மீனை எடுத்துவிட வேண்டும். வலை என்றால் இந்தப் பக்கத்தில் மூக்காண்டி அண்ணாச்சிதான். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் எந்தக் குளத்தில் மீன் எடுத்தாலும் அவர் ஆட்கள்தான் வலை இழுப்பார்கள். நல்ல மனுஷன், குடிக்கமாட்டார், ஒரு மீனை ஒளித்து வைக்கமாட்டார். நாங்கள் கூப்பிட்டதும் வந்தார். கரையில் நின்று குளத்தைப் பார்த்தார். மீன் துள்ளுவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்லா வளத்திருக்கிய தாயி. ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழம எறக்கிருவோம். ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நீங்க யாரும் இங்கன வரக்கூடாது. மீனு கரைக்கு வந்து, பெட்டியில ஏறுனப்புறம் ஆளு அனுப்புதேன், வாங்க."

கரையில் நிற்கலாமா என்று முத்துமணி கேட்டாள். கணேசன் காலத்தில் கரையில் நின்றோமே.

"அப்ப மீனு வாங்க வந்தவுக. இப்ப குளமே உங்களது. கரையில நின்னா கால வைக்காம இருப்பியளா? வலைக்கு ஆகாதும்மா. எங்கய்யா காலத்துல இருந்து அப்படித்தான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் நம்புகிறதைச் சொன்னார், அவ்வளவுதான். நான்தான் பொங்கிவிட்டேன். "மூணு மாசமா தெனமும் இந்தத் தண்ணிக்குள்ள நிக்கோம். அப்பல்லாம் ஆகும், வலை எறங்குனா ஆகாதோ? எங்க காலு பட்டு வளந்த மீனு எங்க காலு பட்டா ஓடிருமோ? அப்ப உங்க வலைதான் அண்ணாச்சி கோளாறு. வேற நல்ல வலையாப் பாத்து வாங்குங்க."

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்திருப்பார். வலையைச் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நல்ல வலையாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மார்ச் 25, செவ்வாய்

எல்லாருக்கும் என்மேல் கோபம். "ஒரு நாளு வீட்ல கெடந்தா என்னக்கா? மீனு நமக்குத்தான வருது?" என்கிறாள் முத்துமணி. அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் நம்ம குளத்தில் நம்ம மீனை எடுக்கிற அன்று வீட்டில் ஒளிந்து உட்கார்ந்திருந்தால், குத்தகை எடுத்து என்னத்துக்கு? கூடையோடு கரையில் நின்றதைவிடக் கேவலம் இல்லையா?

நான் சொன்னது சரி. சொன்ன விதம் தப்பு. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

ராஜபாளையத்து வலைக்காரர்களைக் கேட்டாயிற்று. குருவிகுளம் பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது என்றார்கள், அங்கேயும் போய்க் கேட்டாயிற்று. மூக்காண்டி வேண்டாம் என்று போன குளத்தில் யாரும் கை வைக்கமாட்டார்களாம். கணேசன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தண்ணி வத்துது போலிருக்கே. ஜூலைல நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். மனுஷன் சாவகாசமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ஏன், நீங்களே இழுத்தா என்ன?" என்று கேட்டார். கேலி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

மார்ச் 31, திங்கள்

ஏசுவடியாள் அக்காவிடம் சொன்னேன். "நேத்தே யோசிச்சேன். எனக்குக் கோட்டி புடிச்சிட்டும்பியோன்னு சொல்லல" என்கிறாள்!

ஏப்ரல் 3, வியாழன்

நானும் அக்காவும் தூத்துக்குடி போய் இழுவலை வாங்கி வந்தோம். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். எங்களுக்குத்தான் என்றோம். "இல்ல, இழுக்குற ஆளு யாருன்னு கேட்டேன்" என்றார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கையை மடக்கிக் காட்டினாள். மீன் வெட்டியே உரமேறின கை. அவர் கயிற்றை இன்னும் கொஞ்சம் கனத்ததாக மாற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வலை மூட்டைக்கும் டிக்கெட் போட்டான் பாவிப்பயல்.

ஏப்ரல் 9, புதன்

தெரிந்த ஒருத்தரின் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் பழகிப் பார்த்தோம். நூறு நாள் வேலைக்குப் போடுகிற சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டோம். முதல் தடவை சேலை காலைச் சுற்றி நாலு பேர் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தோம். வலை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். இரண்டாம் தடவை முத்துமணி வீட்டுக்கு ஓடித் தன் தம்பியின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாரும் அவளைக் கேலி பண்ணினோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

எல்லாரும் கால்சட்டையோடு வந்தார்கள். நான் போட்டிருப்பது வீட்டுக்காரருடையது. இடுப்பில் நிற்கவில்லை, கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

கையெல்லாம் கொப்புளம். ஆனால் வலை நேராக வருகிறது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் ஒருத்தி பின்னாலேயே வந்து சிக்கலை எடுத்துவிட வேண்டும். யாரும் முந்தக்கூடாது, யாரும் பிந்தக்கூடாது. பதினோரு பொம்பளைகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுப்பது லேசுப்பட்ட காரியமா? சண்டை போட்டுத்தான் பழகினோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அக்கா கோவிலுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். "குளத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டேன். சர்ச் ஐயரு குளத்துப் பேரு கேட்டாரு, வேலாண்டிக்குளம்னேன். ஒரு மாதிரியா பாத்தாரு."

ஏப்ரல் 26, சனி

நாளை. பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கையெல்லாம் கயிற்றுக் காயம், எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை. இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஆறு மணிக்கு இறங்கினோம். கரையில் திருவிழாக் கூட்டம். மீன் வாங்க வந்தவர்கள் பாதி, நாங்கள் விழுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. கணேசன் பைக்கில் சாய்ந்து நின்றார். மூக்காண்டி அண்ணாச்சி எதிர்க்கரையில் தனியாக நின்றார். எங்களைப் பார்க்காத மாதிரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இழுப்பு. நெஞ்சளவு தண்ணீரில் வட்டம் போட்டு, மூச்சைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் பாசி, இரண்டு செருப்பு, ஒரு படி ஜிலேபிக் கெண்டை. கட்லா ஒன்றுகூட இல்லை. கரையில் சிரிப்பு. "ஏ ஐஸு! மீனு ஐஸ் கேக்குது!" என்று எவனோ கத்தினான். கணேசன், "நான் வேணா ஆளு சொல்லிவிடட்டா?" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணிக்குள்ள நிக்கேன், மூஞ்சியக் கழுவிக்கிட்டேன், ஒருத்தருக்கும் தெரியாது. மூக்காண்டி சொன்னது நெசந்தானோ? நம்ம காலு பட்டாத்தான் ஓடுதோ? சத்தியமா அப்படித்தான் நெனச்சேன் அந்த நேரம்.

அப்போது முத்துமணிதான் சொன்னாள். "யக்கா, என் கால்மாட்டுல ஓடுச்சுக்கா. பெருசு பெருசா. வலைக்கு அடியில போவுது."

வலைக்கு அடியில்! பழகினது பண்ணைக்குட்டையில். அங்கே அடி மட்டமாக இருக்கும். இங்கே குண்டும் குழியும் சேறும். நாங்கள் வேகமாக இழுக்க இழுக்க அடிக்கயிறு குழிமேல் எழும்பியிருக்கிறது, அந்தச் சந்தில் மீன் முழுக்கப் போயிருக்கிறது. இந்தக் குளத்தில் எங்கே குழி, எங்கே மேடு என்று எங்கள் பதினோரு பேருக்கும் தெரியும். நாலு மாதமாகத் தினமும் தீவனத்தோடு நடந்த இடம். தெரிந்துவைத்துக்கொண்டே குருட்டுத்தனமாக இழுத்திருக்கிறோம்.

ஆளை மாற்றினேன். பக்கத்துக்கு மூன்று பேர் மட்டும் இழுக்க. மூன்று பேர் வலைக்குப் பின்னாலேயே வந்து குழி வருகிற இடத்தில் அடிக்கயிற்றைக் காலால் மிதித்து அமுக்கிக்கொண்டே வர. முத்துமணியும் இன்னொருத்தியும் கட்லா தாண்டாதபடி மேல்கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க. "மெள்ள! கல்யாணப் பொண்ணு நடக்குற மாதிரி மெள்ள!" என்று ஏசுவடியாள் அக்கா கத்திக்கொண்டே வந்தாள்.

கால் மணி நேரம் ஆயிற்று பாதி தூரம் வர. கரையில் கேலி பேசினவர்களுக்கு அலுத்துப்போய் வாய் அடங்கியது. அதற்கப்புறம் கயிறு கனத்தது. முதலில் சேறுதான் என்று நினைத்தேன். சேறு துடிக்குமா? கயிறு என் கையில் துடித்தது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆயிற்று. ஒரு கட்லா எம்பி முத்துமணி நெஞ்சில் மோதி வலைக்குள்ளேயே விழுந்தது. "யம்மா!" என்றாளே ஒழியக் கயிற்றை விடவில்லை.

மீன்! ஏ யப்பா, எவ்வளவு மீன்! வலையைக் கரையோரம் சுருக்கினதும் வெள்ளியும் சிவப்புமாக முழங்கால் உயரம் புரளுகிறது. முக்கால் கிலோ, ஒரு கிலோ. அக்கா ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு பேரும் கத்தின கத்தலில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தொண்டை இன்னும் கட்டிக்கிடக்கிறது.

அதோடு முடியவில்லை. விற்கவேண்டுமே! அந்த வேலையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. லாரி வியாபாரி வழக்கம்போல் குனிந்து பெரிய மீனாகப் பொறுக்க ஆரம்பித்தார். கையைப் பிடித்தேன். "பொறுக்காதிய அண்ணாச்சி. பெருசும் சிறுசும் சேத்துத்தான். வேணும்னா வரிசையில நில்லுங்க." இருபது வருஷம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். அவர் நின்றார்!

எந்தத் தெருவில் ரோகு போகும், எந்தத் தெருவில் முள் குறைந்த மீன் கேட்பார்கள், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், எல்லாம் எங்களுக்குத் தெரியும். பாதி மீனைத் தொட்டியில் உயிரோடு வைத்துக் கரையிலேயே விற்றோம். மீதியை வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றி ஊருக்குள் அனுப்பினோம். அந்தச் சாதுவான மனுஷன் ஸ்பீக்கரில் தன் குரலையே பதிவு பண்ணி வைத்திருந்தார். "வேலாண்டிக்குளம் மீனு, துடிக்கத் துடிக்க மீனு, எங்க வீட்டம்மா புடிச்ச மீனு" என்று ஊர் முழுக்க ஓடியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து மணிக்குத் தொட்டி காலி. இன்னும் இரண்டு இழுப்பு போட்டோம், அதுவும் போயிற்று. அப்புறம் பிடித்ததைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் வைத்தோம். இப்போது வைக்கலாம். ஜாய்லினைப் பார்த்துக்கொண்டேதான் வைத்தேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மூக்காண்டி அண்ணாச்சி எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

உடம்பில் வலிக்காத இடம் இல்லை. தலைமுடிகூட வலிக்கிறது. யாருக்கும் இன்றைக்கு மீன் கிடையாது.

மே 2, வெள்ளி

மூக்காண்டி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வலையைச் சொன்னது தப்பு என்று சொல்லத்தான். கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "அண்ணாச்சி, உங்க வலையப் பத்தி நான் பேசுனது தப்பு. மத்தது தப்பில்ல" என்றேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அவர் மகள் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 11, புதன்

சங்கக் கூட்டம். வேலாண்டிக்குளம் அடுத்த மூன்று வருஷத்துக்கு எங்களுக்கு. தலைவர் படித்ததும் அக்கா "ஸ்தோத்திரம்!" என்று போட்ட சத்தத்தில் கணக்குப்பிள்ளை பேனாவைத் தவறவிட்டார். கணேசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்து போனார்.

அடுத்த தடவை குஞ்சு வரும்போது போட்டோவுக்குத் தன்னையும் கூப்பிட வேண்டும் என்று தலைவர் சொன்னார். "வாங்க. ஆனா காலம்பற ஆறரைக்கு" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன். மூக்காண்டி அண்ணாச்சி. அவர் என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் பெரிய குளம் ஒன்றில் நாளைக் காலை வலை இறக்குகிறாராம். அவர் ஆட்களில் நாலு பேர் வேலைக்கென்று கேரளாவுக்குப் போய்விட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பேசினார், மழையைப் பற்றி, கயிற்று விலையைப் பற்றி. கடைசியில், "நாலு பேரு அனுப்ப முடியுமா தாயி?" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று இருந்தது. "எங்ககிட்ட பொம்பளையாளுதான் அண்ணாச்சி இருக்கு" என்றேன்.

 

"தெரியும்மா. அடிக்கயிறு மிதிக்கத் தெரிஞ்ச ஆளா அனுப்பு" என்றார்.

"வாரோம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவுக்குச் சொன்னேன், முத்துமணிக்குச் சொன்னேன். நாலு பேர் கேட்டால் ஏழு பேர் கிளம்பி நிற்கிறார்கள். யாரைக் கழிப்பது என்று இன்னும் சண்டை முடியவில்லை. காலையில் நாலரைக்கு முதல் பஸ்.